இசைத்தட்டும் தூசியும்

பழைய இசைத்தட்டு ஒன்று சுழன்று ஒலிப்பதைக் கேட்டிருக்கிறீர்களா? பாட்டுத் தொடங்கும் முன்பே ‘சர்ர்ர்’ என்று ஓர் இரைச்சல் வரும். நடுநடுவே யாரோ விரலைச் சொடுக்குவதுபோல ‘டக், டக்’ என்று கேட்கும். “தட்டு தேய்ந்துபோய்விட்டது” என்று சொல்லிப் பலர் அதை ஒதுக்கிவிடுவார்கள். ஆனால் அந்த ஓசைகள் எல்லாமே தேய்மானத்தால் வருபவை அல்ல. தட்டின் மேல் படிந்திருக்கும் தூசியும் அழுக்கும் அவற்றில் பலவற்றுக்குக் காரணம். அழுக்கை அகற்றினால் பழைய குரல் மீண்டும் தெளிவாகக் கேட்கும்.

“துடைத்துவிட்டால் போயிற்று, இதற்கு ஒரு கட்டுரையா?” என்று கேட்கிறீர்களா? பொறுங்கள். எதைக் கொண்டு துடைப்பது, எந்தத் திரவத்தைத் தொட்டுத் துடைப்பது என்பதில் இயற்பியலும் வேதியியலும் அடங்கியிருக்கின்றன. ஒரு தட்டுக்கு நல்ல மருந்தாக இருக்கும் திரவம் இன்னொரு தட்டை ஒரே துடைப்பில் அழித்துவிடும். வேறு படி எதுவும் இல்லாத பதிவாக அது இருந்தால், அந்தக் குரல் போனது போனதுதான்.

இசைத்தட்டுகளின் காலம் முடிந்துவிட்டது என்றும் எண்ண வேண்டாம். 2022ஆம் ஆண்டில் அமெரிக்காவில் விற்ற வினைல் இசைத்தட்டுகள் சுமார் 4 கோடியே 10 லட்சம். அதே ஆண்டில் விற்ற குறுந்தகடுகளோ சுமார் 3 கோடியே 30 லட்சம்தான். 1987க்குப் பிறகு எண்ணிக்கையில் இசைத்தட்டு குறுந்தகட்டை முந்தியது அதுவே முதல் முறை.

அரைக் கிலோமீட்டர் பள்ளம்

1877இல் எடிசன் ஒலியைப் பதிவு செய்யும் கருவியை அமைத்தார். அதில் உருளையின் மேல் ஒலி பதிந்தது. உருளைக்குப் பதிலாகத் தட்டையான வட்டத்தில் பதியும் முறையை எமில் பெர்லினர் 1887இல் கொண்டுவந்தார். 1948இல் கொலம்பியா நிறுவனம் நிமிடத்துக்கு 33⅓ முறை சுழலும் நீண்டநேர வினைல் தட்டை வெளியிட்டது. நாம் ‘எல்.பி.’ என்று சொல்வது இதைத்தான்.

எல்.பி. தட்டை வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். நூற்றுக்கணக்கான வட்டங்கள் இருப்பதுபோலத் தெரியும். உண்மையில் அவை வட்டங்களே அல்ல. ஒரு பக்கத்தில் இருப்பது ஒரே ஒரு பள்ளம். அது வெளி விளிம்பில் தொடங்கிச் சுருள்சுருளாக உள்ளே போகிறது.

அதன் நீளத்தை நாமே கணக்கிடலாம். ஒரு பக்கம் 22 நிமிடம் ஒலிப்பதாக வைத்துக்கொள்வோம். நிமிடத்துக்கு 33⅓ சுற்று என்றால் மொத்தம் சுமார் 733 சுற்று. ஒரு சுற்றின் சராசரி நீளம் ஏறக்குறைய 65 சென்டிமீட்டர். இரண்டையும் பெருக்கினால் சுமார் 475 மீட்டர் வருகிறது. ஏறத்தாழ அரைக் கிலோமீட்டர்! இவ்வளவு தூரத்தையும் ஊசிமுனை தூசியில் இடறாமல் கடக்க வேண்டும்.

இப்பள்ளத்தின் அகலம் எவ்வளவு தெரியுமா? சராசரியாக 60 மைக்ரான் எனலாம். ஒரு மில்லிமீட்டரை ஆயிரம் பங்கிட்டால் ஒரு பங்கு ஒரு மைக்ரான். உங்கள் தலைமுடி ஒன்றின் தடிமன் சுமார் 70 மைக்ரான். ஆக, தலைமுடிகூட உள்ளே இறங்காத அளவுக்கு ஒடுங்கிய பள்ளம் இது. ஆங்கில ‘வி’ எழுத்தைப் போல இரு சுவர்களும் 90 பாகைக் கோணத்தில் சந்திக்கின்றன. ஆகவே ஆழம் அகலத்தில் பாதி, அதாவது 30 மைக்ரான். வடிவகணிதம் படித்தவர்கள் இதைச் சரிபார்த்துக் கொள்ளலாம்.

இச்சுவர்கள் நெளிநெளியாக இருக்கும். அந்த நெளிவுதான் பாட்டு. தட்டின் உட்சுற்றுகளில் பள்ளம் ஊசிமுனையைக் கடக்கும் வேகம் நொடிக்குச் சுமார் 21 சென்டிமீட்டர். நொடிக்கு 10,000 அதிர்வுகள் கொண்ட கீச்சொலி அங்கே பதிந்திருந்தால், ஒரு முழு நெளிவின் நீளம் 21 மைக்ரான்தான். அந்த இடத்தில் 10 மைக்ரான் அளவுள்ள ஒரு தூசி உட்கார்ந்தால் பாதி நெளிவை அது மறைத்துவிடும். ஊசி அதன் மேல் ஏறி இறங்குவதைத்தான் நாம் ‘டக்’ என்று கேட்கிறோம்.

ஊசிமுனையின் பளு

எல்.பி. தட்டின் மேல் ஊசி அழுத்தும் பளு 2 கிராம் அளவுதான். இதனால் தட்டுக்கு என்ன கெடுதல் வந்துவிடும் என்று தோன்றும். ஆனால் அழுத்தம் என்பது பளுவை மட்டும் பொறுத்ததல்ல, அந்தப் பளு எவ்வளவு பரப்பில் தாங்கப்படுகிறது என்பதையும் பொறுத்தது. மழுங்கிய கத்தி வெட்டாததும் கூரிய கத்தி வெட்டுவதும் இதனால்தான்.

ஊசிமுனை இரு சுவர்களிலும் சாய்வாகப் படிகிறது. ஒவ்வொரு சுவரின் மேலும் சுமார் 1.4 கிராம் பளு விழுகிறது. தொடும் இடம் பக்கத்துக்கு 10 மைக்ரான் உள்ள சிறு சதுரம் என்று கொள்வோம். ஒரு சதுர சென்டிமீட்டரில் அப்படிப்பட்ட சதுரங்கள் பத்து லட்சம் அடங்கும். எனவே அழுத்தம் சதுர சென்டிமீட்டருக்கு 1,400 கிலோகிராம்! ஒரு மோட்டார் காரை உங்கள் விரல்நகத்தின் மேல் நிறுத்தியதற்குச் சமம்.

இப்போது அந்த இடத்தில் ஒரு மணல் துகள் அகப்பட்டுக் கொண்டால் என்ன ஆகும்? வினைல் மென்மையான பொருள். மணலோ கண்ணாடியையே கீறக்கூடியது. ஊசி அதைச் சுவரில் வைத்து அழுத்திக் கீறிவிடும். பிறகு தூசியை அகற்றினாலும் கீறலை அகற்ற முடியாது. ஆகவே தட்டை ஒலிக்கவிட்ட பிறகு துடைப்பதைவிட, ஒலிக்கவிடும் முன்பே துடைப்பதுதான் சரி.

தூசி ஏன் ஒட்டிக்கொள்கிறது?

சீப்பால் உலர்ந்த தலையை வாரிவிட்டுக் காகிதத் துண்டுகளின் அருகே கொண்டுபோனால் அவை தாவி ஒட்டிக்கொள்ளும். இந்தச் சோதனையை நீங்கள் செய்திருப்பீர்கள். வினைல் தட்டிலும் இதே நிலைமின்சாரம்தான் வேலை செய்கிறது.

வினைல் என்பது பாலிவினைல் குளோரைடு இனத்தைச் சேர்ந்த பிளாஸ்டிக். மற்றப் பொருள்களோடு உரசும்போது எலெக்ட்ரான்களைப் பறித்துக்கொண்டு எதிர்மின்னேற்றம் பெறுவதில் அது மிகவும் வல்லது. தட்டைக் காகித உறையிலிருந்து உருவினாலே போதும், மின்னேற்றம் பெற்றுவிடும். வினைல் மின்கடத்தாப் பொருள் ஆகையால் அந்த மின்னேற்றம் ஓடிப்போக வழியில்லை. காற்றில் மிதக்கும் தூசியையெல்லாம் அது இழுத்துக்கொண்டே இருக்கும்.

உலர்ந்த துணியால் அழுத்தித் துடைத்தால் என்ன நடக்கும் என்று இப்போது நீங்களே சொல்லிவிடுவீர்கள். துடைக்கத் துடைக்க மின்னேற்றம் கூடும். கூடக்கூடத் தூசி மேலும் ஒட்டும்!

காற்றில் ஈரம் இருந்தால் பொருள்களின் மேல் மெல்லிய நீர்ப்படலம் படிகிறது. மின்னேற்றம் அதன் வழியே மெல்லக் கசிந்துவிடும். குளிர்நாடுகளில், வீட்டைச் சூடேற்றி வைத்திருக்கும் பனிக்காலத்தில், அறைக்காற்று மிகவும் வறண்டிருக்கும். அங்கே நிலைமின்சாரத் தொல்லை அதிகம். நம் கடலோர ஊர்களில் அது குறைவு. ஆனால் அதே ஈரம் தட்டிலும் உறையிலும் பூசணத்தை வளர்க்கும். ஒன்றில் பிழைத்தால் மற்றொன்றில் மாட்டிக்கொள்கிறோம்!

எந்த பிரஷ் நல்லது?

பிரஷ்ஷைத் தேர்ந்தெடுக்கும்போது கேட்க வேண்டிய முதல் கேள்வி: அதன் இழை பள்ளத்துக்குள் இறங்குமா?

பல்துலக்கும் பிரஷ்ஷின் நைலான் இழை சுமார் 200 மைக்ரான் தடிமன் கொண்டது. பள்ளத்தின் அகலத்தைப்போல மூன்று மடங்கு. அது பள்ளத்தின் கரைகளில் தேய்த்துக்கொண்டு போகுமே தவிர உள்ளே இறங்காது. பருத்தி இழை 20 மைக்ரான் அளவுள்ளது, உள்ளே இறங்கும். ஆனால் பழைய பருத்தித் துணி தன் இழைகளையே உதிர்த்துவிட்டுப் போகும்.

கார்பன் இழை பிரஷ் என்று ஒன்று உண்டு. அதன் இழை ஒவ்வொன்றும் 7 மைக்ரான் அளவே தடிமன் கொண்டது. எட்டு இழைகள் பக்கம்பக்கமாக ஒரே பள்ளத்துக்குள் நுழையலாம். இதில் இன்னொரு நன்மையும் இருக்கிறது. கார்பன் மின்சாரத்தைக் கடத்தும். பிரஷ்ஷின் உலோகப் பிடியைக் கையால் தொட்டுக்கொண்டு துடைத்தால், தட்டின் மின்னேற்றத்தில் ஒரு பகுதி இழை வழியாகவும் பிடி வழியாகவும் நம் உடலுக்குள் இறங்கிவிடும். தூசியைத் தள்ளுவதோடு அதைப் பிடித்திருந்த விசையையும் இது தளர்த்துகிறது.

இங்கிலாந்தில் செசில் வாட்ஸ் என்பவர் 1950களில் வேறொரு வழி கண்டார். ‘டஸ்ட் பக்’ என்று பெயரிட்ட அவருடைய கருவி ஒரு சிறு கை. தட்டு சுழலும்போதே அதன் மேல் உட்கார்ந்து, நுனியிலுள்ள பிரஷ்ஷாலும் பஞ்சு போன்ற உருளையாலும் தூசியைத் திரட்டிக்கொண்டே வரும்.

உலர்ந்த பிரஷ் எதுவானாலும் அதற்கு ஒரு வரம்பு உண்டு. உதிரித் தூசியை மட்டுமே அது எடுக்கும். விரல் பட்ட எண்ணெய்ப் பிசுக்கு, சமையல் புகைப் படிவு, பூசணம் ஆகியவை அதற்கு அசையா. அவற்றுக்குத் திரவம் வேண்டும்.

தண்ணீர் மட்டும் போதாதா?

போதாது. தாமரை இலைமேல் நீர் உருண்டு நிற்பதைப் பார்த்திருக்கிறீர்கள். வினைல் மேலும் நீர் எளிதில் பரவுவதில்லை. நீரின் மூலக்கூறுகள் ஒன்றையொன்று வலுவாக இழுத்துக்கொள்கின்றன. இதனால் நீரின் மேற்பரப்பு இழுத்துக் கட்டிய தோல்போல நடந்துகொள்கிறது. இதுவே பரப்பு இழுவிசை. நீருக்கு இது மீட்டருக்கு 72 மில்லிநியூட்டன். 30 மைக்ரான் ஆழப் பள்ளத்தின் அடிவரை இறங்குவதற்குப் பதிலாக, நீர்த்துளி பல பள்ளங்களுக்குப் பாலம் போட்டாற்போல மேலேயே நின்றுவிடக்கூடும்.

இங்கேதான் சோப்பு இனப் பொருள்கள் உதவிக்கு வருகின்றன. அவற்றின் மூலக்கூறு ஒவ்வொன்றுக்கும் ஒரு தலையும் ஒரு வாலும் உண்டு. தலை நீரை நாடும், வால் எண்ணெயை நாடும். ஒரு சில துளி கலந்தாலே நீரின் பரப்பு இழுவிசை பாதிக்கும் கீழே இறங்கிவிடும். நீர் பரவிப் பள்ளத்துக்குள் புகும். வால்கள் எண்ணெய்ப் பிசுக்கில் குத்திக்கொள்ள, தலைகள் வெளியே நீரைப் பார்த்து நிற்க, பிசுக்கு சிறுசிறு உருண்டைகளாகப் பிரிந்து நீரில் மிதக்கத் தொடங்கும்.

ஆனால் சாதாரணச் சலவைச் சோப்பைப் பயன்படுத்தலாகாது. கடினநீரிலுள்ள கால்சியத்தோடு அது சேர்ந்தால் திரிதிரியாகக் கசடு உண்டாகும். வாஷிங்டனிலுள்ள காங்கிரஸ் நூலகம் போன்ற பெரும் ஒலிக்காப்பகங்கள், அயனிகளாகப் பிரியாத ‘டெர்ஜிட்டால்’ போன்ற பொருள்களை மிகச் சிறிய அளவில் தூய நீரில் கலந்து பயன்படுத்துகின்றன.

நீரும் தூயதாக இருக்க வேண்டும். குழாய்நீரிலும் கிணற்றுநீரிலும் உப்புகள் கரைந்திருக்கின்றன. நீர் காய்ந்ததும் அவை பள்ளத்திலேயே தங்கிவிடும். அழுக்கை எடுக்கப் போய்ச் சுண்ணாம்பை வைத்துவிட்டு வருவதுபோல ஆகும். எனவே காய்ச்சி வடித்த நீரே ஏற்றது.

ஸ்பிரிட்டால் வரும் ஆபத்து

ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலின் பரப்பு இழுவிசை நீருக்கு இருப்பதில் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவு. எண்ணெயைக் கரைக்கும், விரைவில் ஆவியாகும். வினைல் தட்டுக்கான திரவங்கள் பலவற்றில் நீரோடு சிறு பங்கு இந்த ஆல்கஹாலும் சேர்ந்திருக்கும். வினைலை அது கரைப்பதில்லை.

ஆனால் தட்டுகள் எல்லாம் வினைல் அல்ல! நிமிடத்துக்கு 78 முறை சுழலும் பழைய தட்டுகள் பெரும்பாலும் அரக்கால் ஆனவை. அரக்குப் பூச்சிகள் மரக்கிளைகளில் சுரக்கும் பிசினே அரக்கு. உலகின் இசைத்தட்டுத் தொழிலுக்கு வேண்டிய அரக்கில் பெரும்பகுதியை அன்று இந்தியாதான் அனுப்பியது. அதோடு கற்பொடியும் கரியும் சேர்த்து அழுத்தித் தட்டுகளை வார்த்தார்கள். இந்தியாவில் 1960களிலும் இத்தகைய தட்டுகள் வெளிவந்தன.

தச்சர் மரச்சாமான்களுக்குப் பாலிஷ் போடுவதைப் பார்த்திருக்கிறீர்களா? அரக்கை எதில் கரைக்கிறார்? ஸ்பிரிட்டில்! ஸ்பிரிட் ஓர் ஆல்கஹால் கலவை. ஆல்கஹாலில் அரக்கு கரைந்துவிடும். அப்படியானால் 78 சுற்றுத் தட்டை ஸ்பிரிட் தொட்டுத் துடைப்பவர் என்ன செய்கிறார்? பாட்டைக் கரைத்துப் பஞ்சில் எடுத்துக்கொண்டிருக்கிறார்!

இன்னொரு வகைத் தட்டும் உண்டு. வானொலி நிலையங்களும் ஒலிப்பதிவுக் கூடங்களும் நேரடியாக வெட்டிப் பதிவு செய்தவை அவை. அலுமினியத் தகட்டின் மேல் நைட்ரோசெல்லுலோஸ் பூச்சு பூசியிருக்கும். இவை அச்சில் வார்த்தவை அல்ல, ஒவ்வொன்றும் தனித்தனியாக வெட்டியவை. ஆகவே அந்தப் பேச்சுக்கோ பாட்டுக்கோ அந்த ஒரு தட்டு மட்டுமே சாட்சியாக இருக்கலாம். இவற்றுக்கும் ஆல்கஹால் பகை. இத்தகைய தட்டு கிடைத்தால் நீங்கள் தொடாமல், காப்பக வல்லுநரிடம் ஒப்படைப்பதே நல்லது.

அரக்குத் தட்டை அடையாளம் காண்பது எளிது. அது கனமானது, வளையாது, கீழே விழுந்தால் ஓடுபோல உடையும். வினைல் தட்டு இலேசானது, சற்றே வளையும். ஐயம் இருந்தால் ஆல்கஹாலைத் தொடாதீர்கள். அரக்குத் தட்டையும் சோப்புநீரால் கழுவலாம். ஆனால் ஊறவிடாமல் உடனே உலர்த்த வேண்டும்.

வினைலுக்கும் பகைவர்கள் உண்டு. நகப்பூச்சு அகற்றும் அசிட்டோனும் பெயிண்டு கலக்கும் தின்னரும் வினைலை இளக்கிவிடும். மண்ணெண்ணெய் தூசியைப் பிடிக்கும் பிசுக்கை விட்டுச்செல்லும். வெந்நீர் தட்டை நெளித்துவிடும்.

கழுவினால் மட்டும் போதாது

நண்பர்களே, பலரும் கவனிக்காத ஓர் உண்மை இங்கே இருக்கிறது. திரவம் அழுக்கைக் கிளப்புகிறது, ஏந்திக்கொள்கிறது. ஆனால் அந்தத் திரவம் தட்டிலேயே காய்ந்தால் என்ன ஆகும்? நீர் மட்டுமே ஆவியாகும். அழுக்கு கரையோரத்தில் இருந்தது போய்ப் பள்ளத்தின் அடியில் படிந்துவிடும். சேற்றுக்குளம் வற்றினால் சேறு அடியில் இருப்பதுபோலத்தான்! ஆகவே அழுக்கேந்திய நீரை நீர்வடிவிலேயே அகற்ற வேண்டும்.

இங்கிலாந்தில் பெர்சி வில்சன் வகுத்த முறையைத் தழுவி, கீத் மாங்க்ஸ் 1960களின் இறுதியில் ஒரு பொறியை உருவாக்கினார். சுழலும் தட்டின் மேல் பிரஷ் திரவத்தைத் தேய்க்கும். பிறகு ஒரு மெல்லிய உறிஞ்சுகுழல் தட்டின் மேல் ஊர்ந்து நீரை உறிஞ்சும். குழல் தட்டைக் கீறாதபடி நடுவில் ஒரு நைலான் நூல் இருக்கும். அழுக்கான நூல் உள்ளே போகப் போகப் புதுநூல் வந்துகொண்டே இருக்கும்.

மீயொலித் தொட்டியில் கழுவும் முறையும் உண்டு. காதுக்குக் கேளாத ஒலியலைகள் நீரில் நுண்குமிழிகளை உண்டாக்கும். அவை சட்டென்று ஒடுங்கும்போது எழும் அதிர்ச்சி பள்ளத்து அழுக்கைப் பெயர்த்துவிடும்.

செய்து பாருங்கள்

தட்டு எதுவும் இல்லாமலே நீங்கள் செய்யக்கூடிய சோதனைகள் இவை.

1. பழைய பிளாஸ்டிக் மூடி ஒன்றின் மேல் ஒரு துளி நீரை விடுங்கள். உருண்டு நிற்கும். பாத்திரம் கழுவும் திரவத்தில் தொட்ட குச்சியால் அத்துளியைத் தொடுங்கள். துளி சட்டென்று படர்வதைக் காண்பீர்கள்.

2. கண்ணாடித் துண்டு ஒன்றில் ஒரு துளி குழாய்நீரும், சற்றுத் தள்ளி ஒரு துளி காய்ச்சி வடித்த நீரும் விட்டுக் காயவிடுங்கள். எந்த இடத்தில் வெள்ளை வளையம் தெரிகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள்.

3. பிளாஸ்டிக் அளவுகோலை உலர்ந்த துணியால் தேய்த்துக் காகிதத் துண்டுகளின் அருகே பிடியுங்கள். பிறகு அதை ஈரத்துணியால் ஒருமுறை துடைத்துவிட்டு மீண்டும் பிடியுங்கள். வேறுபாட்டுக்குக் காரணம் என்ன?

வினைல் தட்டைக் கழுவும் முறை

வீட்டில் தட்டு இருந்தால், பெரியவர்களிடம் கேட்டுக்கொண்டு, அவர்களும் உடனிருக்கச் செய்யுங்கள். முதலில் ஒரு சாதாரணத் தட்டில் பழகுங்கள்.

முதலில் உலர்ந்த மென்மையான பிரஷ்ஷால் உதிரித் தூசியை நீக்குங்கள். ஒரு லிட்டர் காய்ச்சி வடித்த நீரில் ஓரிரு துளி பாத்திரம் கழுவும் திரவம் கலந்தால் போதும். நுனி மெலிந்த மென்மையான பிரஷ்ஷை அதில் நனைத்து, பள்ளம் செல்லும் வழியிலேயே வட்டமாக ஓட்டுங்கள். குறுக்கே இழுத்தால் மணல் துகள் ஒவ்வொரு சுவரையும் கீறிக்கொண்டு போகும். நடுவிலுள்ள காகிதச் சீட்டு நனையக் கூடாது. பின்னர் வெறும் காய்ச்சி வடித்த நீரால் இருமுறை அலசுங்கள். சோப்பு மிச்சம் இருந்தால் அதுவே புதுப் பிசுக்காகிவிடும். இழை உதிராத மெல்லிய துணியால், மீண்டும் பள்ளத்தின் வழியே, நீரை ஒற்றி எடுங்கள். தட்டை நிறுத்திவைத்து நிழலில் உலரவிட்டு, புதிய உள்ளுறையில் இடுங்கள். பழைய உறையில் இட்டால் பழைய தூசியே திரும்பி வரும்.

இன்று ஊசியே படாமல், பள்ளத்தைப் படமெடுத்துக் கணிப்பொறியால் ஒலியாக மாற்றும் முறையும் வந்துவிட்டது. அமெரிக்காவின் பெர்க்லி ஆய்வுக்கூடத்தில் கார்ல் ஹேபரும் துணைவர்களும் 2000களின் தொடக்கத்தில் இதை உருவாக்கினர். ஆயினும் படக்கருவி பள்ளத்தையும் பார்க்கும், பள்ளத்திலுள்ள தூசியையும் பார்க்கும். கருவி எவ்வளவு முன்னேறினாலும் தட்டு தூய்மையாக இருந்தாக வேண்டும்.

பரணில் இருக்கும் பழைய பெட்டியில் இசைத்தட்டு ஏதாவது அகப்பட்டால், உடனே துணியை எடுத்துவிடாதீர்கள். முதலில் கையில் எடுத்து எடை பாருங்கள், சீட்டைப் படியுங்கள், அது அரக்கா வினைலா என்று கண்டுபிடியுங்கள். பிறகு பிரஷ்ஷையும் திரவத்தையும் தேர்ந்தெடுங்கள்.